ஜீவ்ஸுக்கு முன்பே வந்தவன் சபாபதி

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசர வேலை இருப்பவர்கள் போய்விட்டு ராத்திரி வந்து படியுங்கள், ஓடிப் போகாது.

போன வாரம் எம்.கே.பி. நகர் மார்க்கெட்டில் என் பழைய மாணவர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர். இப்போது அவருக்கே காலேஜ் போகும் பெண் இருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலப் பாடத்தில் வுட்ஹவுஸ் கதை ஒன்று வந்திருக்கிறது. அதைப் படித்த சூட்டோடு யூடியூபில் நம் பழைய 'சபாபதி' படத்தையும் பார்த்திருக்கிறாள். "அங்கேயும் ஒரு அசட்டுப் பணக்காரன், அவன் கூடவே ஒரு வேலைக்காரன். இங்கேயும் அதே கதை. அப்போ நம்ம ஆளுங்க வெள்ளைக்காரனைப் பாத்துக் காப்பி அடிச்சதுதானேப்பா?" என்று கேட்டாளாம். "எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல. நீங்க சொல்லுங்க சார்" என்றார்.

கையில் முருங்கைக்காய்க் கட்டோடு நின்றுகொண்டு சொல்லக்கூடிய பதில் இல்லை இது. "எழுதிப் போடறேன்பா, பாப்பாவைப் படிக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதலில் வுட்ஹவுஸைப் படிக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. பெல்ஹாம் கிரென்வில் வுட்ஹவுஸ் 1881-ல் இங்கிலாந்தில் பிறந்து 1975-ல் அமெரிக்காவில் இறந்தவர். தொண்ணூறுக்கும் மேல் புத்தகம் எழுதியவர். அவர் கதைகளில் வரும் ஆண்கள் பெரும்பாலும் பெரிய வீட்டுப் பிள்ளைகள். வேலை வெட்டி கிடையாது. கிளப்புக்குப் போவார்கள், அத்தைக்குப் பயப்படுவார்கள், கல்யாணம் செய்துகொள்ள விருப்பமில்லாத பெண்ணிடம் வாய் தவறி நிச்சயமாகிவிடுவார்கள். அவர்களில் பேர்போனவன் பெர்ட்டி வூஸ்டர். அவனைச் சிக்கலிலிருந்து மீட்பவர் அவனுடைய வேலைக்காரர் ஜீவ்ஸ். உலகத்தில் அவர் படிக்காத புத்தகம் இல்லை. முதலாளி எந்தச் சட்டை போட வேண்டும் என்பதைக்கூட அவர்தான் முடிவு செய்வார்.

இந்த ஜீவ்ஸ் முதன்முதலில் அச்சில் வந்தது 1915-ல், ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் வெளியான சிறுகதையில். அதில் அவருக்கு ஒன்றிரண்டு வரிகள்தான். பெயர் ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரருடையது. வார்விக்‌ஷயருக்குப் பந்து வீசிய பெர்சி ஜீவ்ஸின் ஆட்டத்தை 1913-ல் பார்த்த வுட்ஹவுஸ், அந்தப் பெயரை மனதில் வைத்திருந்து பயன்படுத்தினார். பாவம், அந்த நிஜ ஜீவ்ஸ் 1916-ல் பிரான்ஸில் சோம் போர்க்களத்தில் செத்துப்போனார். கதை ஜீவ்ஸுக்குச் சாவே இல்லை.

இப்போது நம் பக்கம் வருவோம். 'சபாபதி' சினிமாவாக வந்தது 1941-ல். ஆனால் அது அதற்கு முன்பே நாடகம். எழுதியவர் பம்மல் சம்பந்த முதலியார். எழுதியது 1906 வாக்கில். அதாவது ஜீவ்ஸ் பிறப்பதற்கு ஏறக்குறைய பத்து வருஷம் முன்பே நம் ஜமீன்தார் சபாபதியும் வேலைக்காரன் சபாபதியும் சென்னையில் மேடை ஏறிவிட்டார்கள். காப்பி அடிக்க வேண்டுமானால் வுட்ஹவுஸ்தான் தமிழ் கற்றுக்கொண்டு வந்திருக்க வேண்டும். பாப்பாவின் கேள்விக்கு இது போதும். ஆனால் எனக்குப் போதவில்லை, அதனால்தான் மேலே எழுதுகிறேன்.

சம்பந்த முதலியார் நம் வடசென்னைக்காரர். பூர்வீகம் பல்லாவரம் பக்கத்துப் பம்மல் என்றாலும், வாழ்ந்தது ஜார்ஜ் டவுன் ஆச்சாரப்பன் தெருவில். 1873-ல் பிறந்தவர். 1891-ல் பெல்லாரி கிருஷ்ணமாச்சார்யலு தன் நாடகக் குழுவோடு சென்னைக்கு வந்து நடித்தார். அவர் ஒரு வக்கீல். அந்தக் காலத்தில் நாடகம் போடுகிறவன் என்றால் கூத்தாடி என்று ஏளனம். படித்த வக்கீல் ஒருவரே வேஷம் கட்டுவதைப் பார்த்ததும், பதினெட்டு வயது சம்பந்தமும் நண்பர்களும் அதே ஆண்டு ஜூலையில் சுகுண விலாச சபாவை ஆரம்பித்துவிட்டார்கள். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் சிவப்பாக நிற்கிறதே விக்டோரியா பப்ளிக் ஹால், அங்கேதான் அவர்கள் நாடகங்கள் நடந்தன. பின்னால் அவரும் வக்கீலாகி, சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியாகவும் இருந்தார். பகலில் கோர்ட், ராத்திரியில் அரிதாரம். தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்கள். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' என்று தமிழ் பேச வைத்தவரும் அவரே.

சபாபதி நாடகத்தில் முதலாளிக்கும் சபாபதி என்று பெயர், வேலைக்காரனுக்கும் சபாபதி என்றே பெயர். முதலாளி பணக்கார அசடு. வேலைக்காரன் ஏழை அசடு. சொன்னதைச் சொன்ன எழுத்து மாறாமல் செய்து வைப்பான், அதனாலேயே எல்லாம் கெட்டுப்போகும். மக்களுக்குப் பிடித்துப்போய் அடுத்தடுத்த பாகங்களும் எழுத வேண்டியதாயிற்று.

பாப்பா கவனிக்க வேண்டியது இந்த இடம்தான். மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே கதை. ஆனால் அங்கே வேலைக்காரர் மேதை, இங்கே வேலைக்காரனும் அசடு. ஏன் இப்படி?

இதற்கு நான் புத்தகத்திலிருந்து பதில் சொல்லப்போவதில்லை. எங்கள் ஆயாவின் அண்ணன் ஒருவர் பட்லராக இருந்தார். வெள்ளைக்காரர் காலத்தில் ஒரு கம்பெனி துரையின் பங்களாவில் மேட்டியாகச் சேர்ந்து, தட்டு கழுவி, மேசை துடைத்து, கடைசியில் பட்லரானவர். நான் சிறுவனாக இருந்தபோது அவர் கண் தெரியாத கிழவர். வியாசர்பாடியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு துரை கதை சொல்வார். "துரையோட காலுறை எந்தப் பொட்டியில இருக்குதுன்னு துரைக்குத் தெரியாது நைனா. எனக்குத்தான் தெரியும். நான் ரெண்டு நாள் காய்ச்சல்ல படுத்தா துரை ஆபீஸுக்கு லேட்டு." நாங்கள் உருண்டு புரண்டு சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார். அவருக்கு அது உத்தியோக விவரம்.

பல வருஷம் கழித்து, ஆசிரியர் பயிற்சி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த நாட்களில், வியாசர்பாடி ஜீவாவில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி மூர் மார்க்கெட்டுக்குப் போவேன். 1985-ல் அது எரிந்துபோகும் வரைக்கும் எனக்கு அதுதான் யுனிவர்சிட்டி. பி.ஏ. படிக்க ஆசை, வீட்டில் வசதி இல்லை. பழைய புத்தகக் குவியலில் அட்டை கிழிந்த வுட்ஹவுஸ் ஒன்று கிடைத்தது. அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். பாதி நகைச்சுவை புரியவில்லை. ஆனால் பெர்ட்டி வூஸ்டர் காலையில் எழுந்து ஜீவ்ஸ் தேநீர் கொண்டு வரும்வரை உலகத்தில் எதையும் செய்ய முடியாமல் கிடக்கிற இடம் வந்ததும், "அட, இது நம்ம தாத்தாவோட துரை!" என்று ரயிலிலேயே சத்தமாகச் சொல்லிவிட்டேன். எதிர் சீட்டுக்காரர் முறைத்தார்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. ஜீவ்ஸ் பேசும் ஆங்கிலம் முதலாளியின் ஆங்கிலத்தைவிட உயர்ந்தது. எங்கள் தாத்தா பேசியது அப்படியில்லை. அவர் பேசியதற்கு ஊரில் ஒரு பெயரே உண்டு: பட்லர் இங்கிலீஷ். இன்றைக்கும் யாராவது தப்பும் தவறுமாக ஆங்கிலம் பேசினால் நாம் அதைத்தானே சொல்லிக் கிண்டல் செய்கிறோம்? அது நம் கண்டுபிடிப்பு அல்ல. 1886-ல் வெள்ளைக்காரர்கள் தொகுத்த ஹாப்சன் ஜாப்சன் என்ற ஆங்கிலோ இந்திய அகராதியிலேயே, சென்னை மாகாணத்து வேலைக்காரர்கள் பேசும் உடைந்த ஆங்கிலம் என்று அதற்குத் தனிப் பதிவு இருக்கிறது. லண்டனில் பட்லர் என்றால் மரியாதையும் மிடுக்கும். சென்னையில் பட்லர் என்றால் கேலி. ஒரே வேலை, ஒரே சீருடை.

ஆகவே சம்பந்த முதலியார் காலத்துச் சென்னையில் வேலைக்காரனை மேதையாகக் காட்டினால் சபையில் உட்கார்ந்திருந்தவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். வேலைக்காரனை வீட்டில் வைத்திருந்தவர்களே பார்வையாளர்கள். ஜமீன்தாரைப் பார்த்துச் சிரிக்க அவர்களுக்குத் துணிச்சல் இருந்தது. அந்தக் காலத்தில் அதுவே பெரிது, குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தன் பாத்திரத்தைக் கழுவுகிறவன் தன்னைவிட அறிவாளி என்று ஒப்புக்கொள்வது வேறு விஷயம்.

அதற்காக வுட்ஹவுஸ் பெரிய சமத்துவவாதி என்று நினைத்துவிடக் கூடாது. ஜீவ்ஸுக்கு எவ்வளவு அறிவிருந்தாலும் கடைசிப் பக்கத்தில் தேநீர்த் தட்டோடுதான் நிற்பார். அந்த உலகத்தில் யாரும் இடம் மாறுவதில்லை. 'காம்ரேட் பிங்கோ' என்று ஒரு கதை, 1922-ல் வந்தது. பெர்ட்டியின் நண்பன் பிங்கோ, புரட்சிக்காரப் பெண் ஒருத்தியைக் காதலிப்பதற்காகப் பொய்த் தாடி ஒட்டிக்கொண்டு பொதுவுடைமைக் கூட்டத்தில் சேர்ந்து, ஹைட் பார்க்கில் நின்று பணக்காரர்களைத் திட்டுவான். திட்டு வாங்குகிறவர்களில் அவனுடைய சொந்த மாமாவும் ஒருவர். நல்ல சிரிப்புக் கதை. நானும் சிரித்தேன். ஆனால் ஆண்டைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, 1921, நம் பெரம்பூர் பி அண்ட் சி மில் வேலைநிறுத்த ஆண்டு. 1918-ல் வாடியாவும் திரு.வி.க.வும் மற்றவர்களும் சேர்ந்து கட்டிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் பெரிய போராட்டம் அது. மாதக்கணக்கில் நீண்டது. தொழிலாளர்களே இரண்டாகப் பிளந்தார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. லண்டனில் ஒட்டுத் தாடியோடு முடிந்த விஷயம், இங்கே எங்கள் தெருக்களில் எப்படி முடிந்தது என்பதை எங்கள் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொல்வார்கள். வுட்ஹவுஸுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. அவரைக் குற்றம் சொல்லவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியவர்கள் நாம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வுட்ஹவுஸ் பெரிய வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி எழுதினாரே தவிர அவர் கைக்குப் பணம் எளிதில் வரவில்லை. அப்பா ஹாங்காங்கில் மாஜிஸ்திரேட்டாக இருந்தவர். அவருடைய பென்ஷன் ரூபாயில் வந்தது, ஆமாம், நம் ரூபாயில்தான். ரூபாயின் மதிப்பு ஏறி இறங்கிக்கொண்டே இருந்ததால் இரண்டு பிள்ளைகளை ஆக்ஸ்போர்டுக்கு அனுப்பக் கட்டுப்படியாகவில்லை. அண்ணன் போனார். இவர் 1900-ல் ஹாங்காங் ஷாங்காய் வங்கியின் லண்டன் கிளையில் குமாஸ்தாவாக உட்கார்ந்தார். இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுத்துக்கு ஓடிவிட்டார். ரூபாய் சரிந்ததால் காலேஜ் போகாதவர் என்று தெரிந்த அன்றைக்கு அந்த மனிதர் எனக்குக் கொஞ்சம் சொந்தக்காரர் ஆகிவிட்டார்.

1941-க்கு வருகிறேன். அந்த ஒரே ஆண்டில் இரண்டு கதையும் எதிரெதிர் திசையில் போயின. பிரான்ஸில் வசித்துக்கொண்டிருந்த வுட்ஹவுஸை முந்தைய ஆண்டே ஜெர்மன் படை பிடித்துக்கொண்டுபோய் முகாமில் அடைத்திருந்தது. 1941-ல் வெளியே விட்டார்கள். பெர்லினில் வானொலியில் முகாம் வாழ்க்கையைப் பற்றி வேடிக்கையாக ஐந்து முறை பேசினார். அரசியல் எதுவும் பேசவில்லை, ஆனால் பேசிய இடம் எதிரியின் வானொலி. இங்கிலாந்து கொதித்துப்போனது. துரோகி என்றார்கள். சில நூலகங்கள் அவர் புத்தகங்களை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டன. இத்தனைக்கும் 1938-லேயே இங்கிலாந்து பாசிஸ்டுகளைக் கறுப்பு அரை நிஜார் கூட்டம் என்று கேலி செய்து நாவல் எழுதியவர் அவர். தன் கதையில் வரும் அப்பாவிகளைப் போலவே தானும் போய் வலையில் மாட்டினார், காப்பாற்ற ஜீவ்ஸ் இல்லை. போருக்குப் பிறகு அவர் இங்கிலாந்துக்குத் திரும்பவே இல்லை.

அதே ஆண்டு டிசம்பர் 14-ல் இங்கே 'சபாபதி' படம் வெளியானது. ஜப்பான் போரில் குதித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஏவி. மெய்யப்பனும் ஏ.டி. கிருஷ்ணசாமியும் சேர்ந்து இயக்கியது. முதலாளியாக முழிக்கண் டி.ஆர். ராமச்சந்திரன், வேலைக்காரனாகக் காளி என். ரத்தினம். காளி வேஷம் கட்டிப் பெயர் வாங்கியதால் காளி ரத்தினம். பாய்ஸ் கம்பெனியில் எம்.ஜி.ஆருக்கே வாத்தியாராக இருந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. அசடாக நடிக்க எவ்வளவு அறிவு வேண்டும் என்பதற்கு அவர் ஒருவரே சாட்சி. படத்தில் தமிழ் வாத்தியாராக வருகிறவர் கே. சாரங்கபாணி. எல்லோரும் அந்தக் காட்சிகளுக்கு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் மட்டும் ஓரமாக உட்கார்ந்து கொஞ்சம் முகம் சுளிப்பேன். வாத்தியாருக்கு வலிக்கும் இடம் வாத்தியாருக்குத்தான் தெரியும்.

வுட்ஹவுஸுக்காக 1945-ல் ஜார்ஜ் ஆர்வெல் ஒரு கட்டுரை எழுதினார். ஆர்வெல் நம் பீகாரில், மோதிஹாரியில் பிறந்தவர். வுட்ஹவுஸ் துரோகி இல்லை, காலம் தெரியாத மனிதர் என்பது அவர் வாதம். பெர்ட்டி மாதிரி ஆட்கள் முதல் உலகப் போரோடு போய்விட்டார்கள், இல்லாத உலகத்தைப் பற்றித்தான் வுட்ஹவுஸ் எழுதிக்கொண்டிருந்தார் என்கிறார். அந்தக் கட்டுரையில் ஒரு இந்தியர் வருகிறார். பெயர் இல்லை. தேசியவாதி என்று மட்டும் இருக்கிறது. ஆங்கிலேயப் பிரபுக்களின் உண்மை லட்சணத்தை அம்பலப்படுத்தியவர் வுட்ஹவுஸ் என்று சொல்லி அவர் பரிந்து பேசினாராம். ஆர்வெல்லுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்கிறது. ஓர் ஆங்கிலேயர் அப்படித் தவறாகப் படிக்க முடியாது, வுட்ஹவுஸுக்குப் பிரபுக்கள் மேல் பாசம்தான், தாக்கும் எண்ணமே கிடையாது என்று விளக்குகிறார்.

ஆர்வெல் பெரிய எழுத்தாளர். ஆனாலும் இந்த இடத்தில் நான் அந்தப் பெயர் தெரியாத இந்தியர் கட்சி. எழுதியவர் மனதில் பாசம் இருக்கலாம். படிக்கிறவன் எந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான் என்றும் பார்க்க வேண்டாமா? தன் காலுறையைத் தேடிக்கொள்ளத் தெரியாத மனிதன் எங்கள் ஊரை ஆண்டான் என்பதை எனக்குத் தாத்தாவும் சொன்னார், வுட்ஹவுஸும் சொன்னார். தாத்தா வேண்டுமென்று சொன்னார், வுட்ஹவுஸ் தெரியாமல் சொன்னார், அவ்வளவுதான் வித்தியாசம்.

பிறகு இந்த அசட்டு நாயகன் நம்மிடம் என்ன ஆனான் என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆனந்த விகடனில் தேவன் இருந்தார். இயற்பெயர் மகாதேவன், 1913-ல் திருவிடைமருதூரில் பிறந்தவர், சிறிது காலம் பள்ளிக்கூட வாத்தியாராகவும் இருந்தவர் (விடுவேனா, இதைச் சொல்லாமல்). வுட்ஹவுஸ் வாசனை அவர் நடையில் உண்டு என்பது என் மூக்குக்குத் தெரிகிறது. ஆனால் அவர் பிரபுவைத் தேடிப் போகவில்லை. 1940-களில் அவர் எழுதிய துப்பறியும் சாம்பு ஒரு வங்கிக் குமாஸ்தா. எதையோ செய்யப் போய், எங்கேயோ இடறி விழுவான். விழுந்த இடத்தில் திருடன் இருப்பான். இன்ஸ்பெக்டர் கோபாலன் முதல் ஊரே அவனை மேதை என்று கொண்டாடும். ஜமீன்தார் போய்க் குமாஸ்தா வந்தான். காப்பாற்ற ஜீவ்ஸும் இல்லை, கெடுக்க வேலைக்காரனும் இல்லை, அதிர்ஷ்டம் மட்டும்தான். மாதச் சம்பளக்காரர்கள் அவனை அப்படிக் கட்டிக்கொண்டதில் ஆச்சரியமில்லை. தேவனின் 'கோமதியின் காதலன்' 1955-ல் படமானபோது கதாநாயகன் யார் தெரியுமா? அதே முழிக்கண் டி.ஆர். ராமச்சந்திரன். தேவன் 1957-ல், நாற்பத்து நான்கு வயதுகூட நிறையாமல் போய்விட்டார்.

ஒரு ஞாபகத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். எண்பதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தூர்தர்ஷனில் 'சபாபதி' போட்டார்கள். ஹவுசிங் போர்டு வீட்டில் எங்கள் வரிசையிலேயே இரண்டு டி.வி.தான், அதில் ஒன்று எங்களுடையது. கூடம் முழுக்கப் பிள்ளைகள். என் நைனா மில்லில் முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர், சுவரோரம் உட்கார்ந்திருந்தார். வேலைக்காரன் சபாபதி வரும்போதெல்லாம் பிள்ளைகள் கத்திச் சிரித்தார்கள். நைனா சிரிக்கவில்லை. முதலாளி சபாபதி வந்து முழித்தால் மட்டும் வாய்க்குள் சிரித்துக்கொண்டார்.

படம் முடிந்ததும் கேட்டேன். "ஏன் நைனா, காளி ரத்தினம் பிடிக்கலையா?"

"நல்லாத்தான்டா பண்ணிருக்கான்" என்றார். பீடியைத் தேடிக்கொண்டே, "ஆனா மாமா உயிரோட இருந்து பாத்திருந்தா, அவன் வேணும்னேதான் எல்லாத்தையும் கெடுக்கறான்னு சொல்லிருப்பாரு."